உருண்டை பின்னா, யூஎஸ்பியா?

என் மச்சான் எனக்கு இருபதாயிரம் கடன்பட்டிருந்தான். கேம் சென்டர் திறக்க வாங்கிய பணம். அவன் என் வீட்டுக்காரியின் தம்பி. தெருவில் அவனுக்குப் பெயர் ‘ஆராய்ச்சி’. செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை இரண்டு ஜோடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, பழைய செருப்போடு திரும்புவான். அவனுக்குக் கல்யாணம் ஆனதே, பெண் அவனைத் தேர்ந்தெடுத்ததால்தான்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தோளில் வயர் சுருளோடு வீடு வீடாக அலைந்து, எலக்ட்ரிக்கல் கடை போட்டு, அதன் மேல் மாடியும் கட்டினேன். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு நான்தான் வயரிங். மீதிப் பாதியில்தான் அடிக்கடி ஃபியூஸ் போகும். அந்த மாடியில்தான் ஆராய்ச்சியின் எட்டு கம்ப்யூட்டர்களும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன.

ஒரு நாள் கால் சென்டரில் வேலை பார்க்கும் பெண்கள் சிலர் வந்தார்கள். சேர்ந்து விளையாடும் அணியாம். “ஞாயித்துக்கிழமை பூரா ரூம நாங்களே எடுத்துக்கறோம் அண்ணா. ஆனா ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குத் தெளிவா கேக்கணும்” என்றார்கள். பழைய ஹெட்செட்டுகளில் மைக் எல்லாம் செத்துக் கிடந்தது. இவர்கள் வந்தால் கடை பிழைக்கும். வராவிட்டால் கடைக்குப் பூட்டு, என் இருபதாயிரத்துக்குக் கும்பிடு.

எந்தப் புது ஹெட்செட் வாங்குவது என்று ஆராய்ச்சி தினமும் என் கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றான்.

“மாமா, உருண்டை பின் வெல கம்மி. போன்லயும் சொருகலாம். ஆனா சத்தத்துக்குக் கம்ப்யூட்டர நம்பணும். யூஎஸ்பின்னா ஹெட்செட்டுக்குள்ளயே சவுண்ட் கார்டு இருக்கு. ஆனா வெல கூட.”

“யூஎஸ்பி வாங்கு.”

“உருண்டை பின்னும் நல்லாத்தான் இருக்கு மாமா.”

“அப்ப அத வாங்கு.”

“நீங்க எதையும் யோசிக்காம சொல்றீங்க.”

கடைசியில் என் வீட்டுக்காரிக்குப் பொறுமை போய்விட்டது. வகைக்கு ஒன்றாக வாங்கி வரச் சொன்னாள். ஒரு கம்ப்யூட்டரில் அவனைப் பேச உட்காரவைத்து, இன்னொன்றில் தானே உட்கார்ந்து, மேஜை ஸ்பீக்கரில் அவன் குரலைக் கேட்கக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் உருண்டை பின். “என்னடா, நீ பேசற எடத்துல மாவு மிஷின் ஓடுதா?”

அடுத்து யூஎஸ்பி. “இப்ப நீ மூக்கு உறிஞ்சறதுகூடக் கேக்குது. இதையே வாங்கு. இனிமே வாயத் தொறந்த, சோறு கெடையாது.”

எட்டும் வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வந்து மாட்டினார்கள். காதில் பொட்டுச் சத்தம் இல்லை. ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஆராய்ச்சிக்கு வேர்த்துக் கொட்டியது. “எட்டும் டம்மி மாமா. நான் அப்பவே உருண்டை பின்னுதான்னு நெனச்சேன்.”

“நெனச்ச, நெனச்ச. ரெண்டையுந்தான் நெனச்ச” என்றாள் அவன் அக்கா.

நான் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் நீல விளக்கு எரிந்தது. ஆக, கரண்ட் வருகிறது, வயரில் குற்றமில்லை. ஆனால் காதில் மாட்டினால் சத்தமில்லை, மேஜை ஸ்பீக்கரில்தான் துப்பாக்கி வெடித்துக்கொண்டிருந்தது.

“ஏன்டா, புது வாசல் வெச்சிட்டு வர்றவங்கள பழைய வாசல்ல எறக்கி விட்டிருக்கியே. சத்தத்த இந்தப் பக்கம் திருப்ப வழியே இல்லயா?”

உருண்டை பின்னைச் சொருகினால் ஸ்பீக்கர் தானாக வாயை மூடிக்கொள்ளும். அவனுக்கு அந்தப் பழக்கம்தான். இந்தக் கம்ப்யூட்டருக்கோ, எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று செட்டிங்கில் நாம்தான் சொல்ல வேண்டும். அத்தனை ஆராய்ச்சியில் அது ஒன்றை மட்டும் அவன் ஆராயவில்லை. அந்தச் செட்டிங்கைத் தேடிப் பிடித்து மவுஸைத் தட்டினான். குண்டு என் காதுக்குள்ளேயே வெடித்தது. ஒவ்வொரு மேஜையாக ஓடித் தட்டினான். பையை எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, “பின்னாடி ஆளு வர்றான்டி, சுடு” என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு.

சத்தத்தைத் திருப்பும் யோசனை தன்னுடையது என்று என் வீட்டுக்காரி இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும், விளக்கைப் பார்த்தவன் நான்.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அறை காலியாக இல்லை. மழை ஓய்ந்த ஒரு காலையில் ஆராய்ச்சி மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

“கைய நீட்டுங்க மாமா.”

நீட்டினேன். என் இருபதாயிரத்தையும் ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மடிப்பை நீவி, என் உள்ளங்கையில் எண்ணி வைத்தான். தோள்பட்டை வலித்தது. கையை மட்டும் நான் மடக்கவில்லை.