பகலில் குடித்த தண்ணீர்

நோயாளி எழுத்தில் கேட்கும் கேள்விக்கு இரண்டு வாரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பது விதி. அரசாங்கக் கந்தோரில் இத்தகைய விதிகளைப் பிறருக்கு நினைவூட்டியே ஓய்வூதியம் வரை வந்தவன் நான். அதனால்தான் சிறுநீரக கிளினிக்கில் பழக்கமான மாத்தளை மிளகு வியாபாரிக்காக ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இந்த நோயோடு நோன்பு பிடிக்கலாமா என்பதே கேள்வி. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்லலாம், அதுவரை பகலில் தண்ணீர் குடிப்பதை நிறுத்த வேண்டாம் என்று நேரில் சொல்லியிருந்தார் டாக்டர். முடிவு வருமுன் நோன்பு வந்துவிட்டது.

மெலிந்த மனிதர்; அண்ணன் என்ற பொருளில் நானா என்றே அழைப்பேன். சட்டையில் எப்போதும் கிராம்பு வாசம். கடையில் குடித்தால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று மதியம் என் வீட்டுக்கு வருவார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத்தான் போத்தலைத் திறப்பார்.

"லெட்டர் வந்திச்சா சேர்?"

"இன்னும் இல்ல நானா. நோயாளிக்கு விலக்குன்னு உங்க மார்க்கத்திலேயே இருக்கே. எங்க கந்தோர் சுற்றுநிருபத்தைவிட அது தெளிவு."

"அது தெரியும் சேர். ஆனா எனக்கு எங்கயும் நோகல்லயே. மூட்டை தூக்குறேன், படி ஏறுறேன். கிட்னி பழுதுன்னு கடதாசி மட்டுந்தான் சொல்லுது. நான் மெய்யாவே நோயாளியா, இல்ல களவாக் குடிக்கிறேனா?"

போத்தலை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"குடிங்க நானா" என்றேன்.

மாதம் முழுக்க வந்தார். ஒவ்வொரு மடக்கையும் பயந்து பயந்தே விழுங்கினார். தபால்காரரின் மணி கேட்டால் இருவருமே எழுந்து நிற்போம்.

நோன்பு பிடிக்கவே கூடாது என்ற பதில், பெருநாள் பிறை கண்ட அன்று வந்தது.