முட்டியளவு வெள்ளத்தில் ஒரு கைது

கைதாவது எங்களுக்குப் பழகிப்போன வேலை. நெய்வேலிச் சுரங்கத்தில் நாங்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். பர்மனென்ட் கேட்டு கேட் முன்னால் உட்காருவோம். போலீஸ் வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைப்பார்கள், பெயர் எழுதிக்கொள்வார்கள். மதியம் சாம்பார் சாதம், சாயங்காலம் டீ, ஆறு மணிக்கு வீடு. இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் போராட்டம். சீட்டுக்கட்டு கொண்டுவர மறந்தவனுக்குத்தான் அன்றைக்கு நிஜமான வசவு விழும்.

அந்த வருடம் அடைமழை. குறிஞ்சிப்பாடிக்குப் போகிற வழியில் ரோடு தண்ணீருக்குள் கிடந்தது. மண்டபம் அக்கரையில். ஊர்க்காரர்களை மீட்பதற்காகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த படகில் எங்கள் பன்னிரண்டு பேரையும் ஏற்றினார்கள். படகோட்டி கடலூர்ப் பக்கத்து மீனவர், வயல்வழி தெரியாதவர். காவலுக்கு வெளிமாவட்டத்துப் போலீஸ்காரன் ஒருவன். அவர் என்று எழுதக் கை வரவில்லை. படகில் இருந்த ஒரே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, எங்களை அடியில் தேங்கிய தண்ணீரில் உட்காரவைத்துத் தலைக்கு மேல் கை வைக்கச் சொன்னான். கை இறங்கினால் முழங்கையில் லத்தி விழுந்தது. பன்னிரண்டு பேரும் தூக்கிக்கொண்டோம். மைன்ஸையே நிறுத்திக் காட்டுவோம் என்று காலையில் கத்திய வாய்கள்தான் இவை.

எங்களோடு துப்புரவு வேலை செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காரும் நேரத்தில் வேன் வந்துவிட்டது. படகில் கை நடுங்கத் தொடங்கியதும் பையிலிருந்து டப்பாவை எடுத்தார்.

"சார், ஊசி போட்டுகினு வந்துட்டேன் சார். ஒரு வாய் சாப்புடலைன்னா மயக்கம் வந்துடும்."

"பிக்னிக்கா வந்திருக்க?" என்று லத்தியால் தட்டினான். எலுமிச்சை சாதம் தண்ணீரில் சிதறியது. அவன் சிரித்தான்.

அக்காவுக்கு வியர்த்துக் கொட்டியது, உதடு வெளுத்தது. என் சட்டைப் பையில் இரண்டு கடலை மிட்டாய் இருந்தன. எடுத்து நீட்ட வேண்டியதுதான். கையை இறக்கினால் அடிப்பானே என்று நினைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று படகு எதிலோ இடித்துச் சாய்ந்தது. போலீஸ்காரன் "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு குனிந்து விளிம்பைக் கட்டிப்பிடித்தான். லத்தி மிதந்து போனது. அக்கா மட்டும் நிதானமாக எட்டிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். முட்டியளவு.

"இது எங்க தங்கச்சி வூட்டு வரப்புதான்," என்றார். எங்களை இவ்வளவு நேரம் மிரட்டியவன், ஒரு நெல்வயலின் நடுவே உயிர்ப்பயத்தில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"ஏய், ஓடாதே!" என்று கத்தினான். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தள்ளாடித் தள்ளாடி வரப்பிலேயே நடந்து, மேட்டில் தெரிந்த ஓட்டு வீட்டுக்குள் போனார். நாங்கள் பதினொரு பேரும் கையைத் தூக்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். அடிக்க லத்திகூட இல்லை, ஆனாலும் ஒருவனும் இறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாயில் சர்க்கரையை மென்றுகொண்டு அக்கா திரும்பி வந்தார்.

"எதுக்குக்கா வந்தே?" என்று கேட்டேன்.

"பேரு எழுதறப்ப நான் இல்லன்னா, போராட்டத்துக்கே வரலன்னு நீங்களே சொல்லிடுவீங்க." பிறகு போலீஸ்காரனிடம் கையை நீட்டினார். "புடிச்சுகினு எறங்கு சார். முட்டிதான் ஆழம்."

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி இறங்கினான். வரப்பு வழியே அக்காதான் அவனையும் எங்களையும் மண்டபத்துக்கு நடத்திக்கொண்டு போனார்.

மண்டபத்தில் எல்லோரும் வீரமாகப் பேசத் தொடங்கினார்கள். என் பங்குக்கு நானும் கடலை மிட்டாயை எடுத்து நீட்டினேன். காகிதம் மழையில் நனைந்து ஒட்டியிருந்தது.

அக்கா அதை வாங்காமல் பார்த்தார். "படகுலயே வச்சிருந்தியா?"

"இல்லக்கா, இப்பதான் வாங்கினேன்."

அந்த மண்டபத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர்தான் நின்றது. அக்கா என் நனைந்த சட்டைப் பையை ஒருமுறை பார்த்துவிட்டு, பெயர் கொடுக்க எழுந்து போனார்.