நூற்றைம்பது இலக்கம்

"அதை மட்டும் தொடாதீங்க" என்றுதான் எங்கள் தெரு நகல் கடைக்காரி வருகிறவர்களை வரவேற்கிறாள். கையும் கண்ணும் நகல் இயந்திரத்தின் மேலேயே இருக்கும். ஆனால் மூலையில் இருக்கும் அந்தக் கிழட்டுக் கணினியின் பக்கம் உங்கள் முழங்கை நகர்ந்தால் போதும், குரல் வந்துவிடும். அதன் சுவிட்சின் மேல் ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறாள். மின்சாரம் போனால் நகல் இயந்திரம் நிற்கும், விசிறி நிற்கும். பேட்டரி கணினிக்கு மட்டும்தான். நாங்கள் வியர்த்து வழிந்துகொண்டு நிற்போம்.

தெருவே அவளை அக்கா என்கிறது, அவளைவிட மூத்தவர்கள் உட்பட. உண்மையில் அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. கணக்குப் படித்தவன், கடல் தாண்டி வேலைக்குப் போய்விட்டான். போகுமுன் அந்தக் கணினியில் நூற்றைம்பது இலக்கம் கொண்ட ஓர் எண்ணைக் கொடுத்து, எந்த இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் அது வரும் என்று தேடவிட்டுப் போனான். இணைய வசதிகூட இல்லாத அது வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தது.

"இதில் அப்படி என்ன கஷ்டம்?" என்று ஒரு நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு பக்கத்தை அச்சடித்து, அதே தாளின் மேல் இன்னொரு பக்கத்தையும் அடித்து என்னிடம் நீட்டினாள். "சேர்த்து அடிக்க எனக்கு ஒரு நிமிஷம். இப்ப எது எந்தப் பக்கத்து எழுத்துன்னு பிரிச்சுக் குடுங்க பாப்போம். பெருக்குறது சுலபம் சார், பிரிக்கிறதுக்குள்ளதான் உயிர் போயிடும்."

அவளுக்குத் தெரிந்த கணக்கு கொஞ்சம்தான். தம்பி கொடுத்த எண் ஏழில் முடிகிறது, அதனால் இரண்டும் ஐந்தும் போகாது. இலக்கங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தாள், மூன்றும் போகாது. "அதோட என் சரக்கு தீர்ந்துச்சு. மீதி மிஷின் பாடு." ஆனாலும் வாய் சும்மா இருக்காது. தொண்ணூற்றொரு பிரதி கேட்டால் "ஏழு பதிமூணு" என்பாள். தொண்ணூற்றேழு கேட்ட கல்யாணமாகாத வங்கிக்காரரிடம், "இதுவும் உங்களை மாதிரிதான் சார், யாருக்கும் மசியாது" என்றாள்.

ஞாயிறுதோறும் தம்பி கூப்பிடுவான்.

"அக்கா, வந்துச்சா?"

"இன்னும் வரலடா."

அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கும். சாப்பிட்டாயா, முதுகுவலி எப்படி, அங்கே குளிரா. மற்ற நாட்களில் அவன் கூப்பிடுவதில்லை. அவளும் அவனுக்கு வேலை இருக்கும் என்று விட்டுவிடுவாள். அங்கே இருக்கும் கணினிகளில் போட்டால் சட்டென்று முடிந்துவிடுமே என்றேன். "அவன் போடலையே" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். விடை வந்துவிட்டால் அவன் எதற்குக் கூப்பிடுவான் என்ற பயம் அவளுக்கு இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை விடை வந்துவிட்டது. பாதிக் கதவு இறக்கிய கடைக்குள் ஓர் அவசரத் தாளோடு குனிந்து நுழைந்தேன். திரையில் இரண்டு நீண்ட எண்கள் நின்றன. "ரெண்டும் பிரிஞ்சிருச்சு சார்" என்றாள், யாரோ வீட்டைவிட்டுப் போய்விட்ட மாதிரி. அப்போது ஃபோன் அடித்தது. வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வந்துச்சா?"

மறைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"வந்துருச்சுடா."

 "அப்ப மிஷினை அணைச்சிடலாம்க்கா."

"அதெல்லாம் அப்புறம். இதைவிடப் பெருசா ஒண்ணு குடு."

"பெருசுன்னா இருநூறு இலக்கம். அதுக்கு ஆயுசு பத்தாதுக்கா. நம்ம காலத்துல முடியாது."

"முடிய வேணாம்."

அவன், "சரி, அனுப்பி வைக்கிறேன்" என்றான்.

"அனுப்பாத. நீயே சொல்லு, எழுதிக்கிறேன்."

உடனே சொல்ல ஆரம்பித்தான். எண்ணைத் தயாராக வைத்திருந்தான் போலிருக்கிறது. வீணான தாளின் பின்பக்கத்தில் அவள் முத்து முத்தாக எழுதினாள். என் அவசரத்தை மறந்து நானும் கூடவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இலக்கம்கூட விட்டுப்போகவில்லை.

எழுதி முடித்து, இன்னொரு தாளை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டாள்.

"நடுவுல ஏதோ விட்டுட்டேன் போலடா. முதல்லேர்ந்து சொல்லு."