ஆளுக்குப் பாதிப் புத்தகம்

சேகர் அண்ணே போய்விட்டார். நேற்று காலை நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. இன்று மத்தியானம் எடுத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. ஃபேக்டரி மெயின்டெனன்ஸில் என்னோடு வேலை பார்த்தவர். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, எனக்கு நாற்பது. இந்த வயதில் இரண்டு பேரும் எலெக்ட்ரிக்கல் சார்ஜ்மேன் லைசென்ஸ் பரீட்சைக்குச் சொந்தமாகப் படித்துக்கொண்டிருந்தோம்.

அந்த லைசென்ஸ் இல்லாவிட்டால் சுவிட்ச் ரூமில் எத்தனை வருடம் கிடந்தாலும் நாம் எடுபிடிதான்.

கிளாஸுக்குப் போக ஷிஃப்ட் விடாது. கையில் இருந்தது ஒரே ஒரு தடிப் புத்தகம், அதுவும் இங்கிலீஷில்.

அண்ணே அதைச் சூலியா தெருவில் ஒரு போட்டோஸ்டேட் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "காப்பி எடுத்தா காசு கூட ஆகும். நடுவுல வெட்டிக் குடுங்க, ஆளுக்குப் பாதி." கடைக்காரர் தயங்கினார். "புக்க போயி யாராச்சும் வெட்டுவாங்களா அண்ணே?"

அண்ணே புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். "இப்ப வெட்டுங்க லா."

முன் பாதி எனக்கு, பின் பாதி அவருக்கு. முடித்ததும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. எங்கே முடித்தோம்...

அடிப்படையான ஓம்ஸ் விதியிலேயே தடுமாறுகிற மனிதர், டிரான்ஸ்ஃபார்மரைக் கரைத்துக் குடித்திருந்தார். கேன்டீனில் ரொட்டி சானாய் ஆறிப்போகும் வரை அவர் எனக்குச் சொல்வார், அப்புறம் நான் அவருக்கு. இப்படியே ஓட்டினோம்.

போன தடவை இரண்டு பேரும் ஃபெயில். எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. வேலை முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி மண்டையில் ஏறாது.

"எனக்கும் மூள காஞ்சிதான் போச்சு தம்பி. இன்னொரு தடவ பாப்போம் லா" என்றார். அவர் கேட்பாரே என்பதற்காகத்தான் மறுபடி படித்தேன். அடுத்த மாதம் பரீட்சை.

இன்று டத்தோ கிராமாட்டில் அவர் வீட்டில்... பெட்டியை மூடப் போகும் நேரம். அவர் மனைவி அந்தப் பின் பாதியைக் கொண்டுவந்தார். "எந்நேரமும் இதுவும் கையுமாத்தான் இருந்தாரு தம்பி. அவரோடயே வச்சிரட்டுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வையுங்கள் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

"எனக்கு வேணும் அக்கா."

சாவு வீட்டில் நின்று அப்படிக் கேட்டது வெட்கமாகத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது.

அக்கா புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் அண்ணே படிக்கும்போது போடும் கண்ணாடியை எடுத்து வந்து பெட்டிக்குள் வைத்தார்.

போங்க அண்ணே... இனிமே படிக்க வேண்டியதில்லை. நல்லா தூங்குங்க.