அதிபர் ஏறுகிறார், அப்பா இறங்குகிறார்

போன ஞாயிற்றுக்கிழமை, பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங் லாட்டில், என் மகள் ஓட்டிய கார் நிற்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மகளுக்கு இப்போதுதான் லைசென்ஸ் வந்தது. எங்கள் வீட்டு நியாயப்படி பழைய கார் அவளுக்கு, புதுசு எனக்கு.

"அந்தப் பழைய வண்டில பிரேக் அமுக்கினா உள்ள போயிட்டே இருக்கு. முதல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்றாள் மனைவி.

நான் டிவியைக் காட்டினேன். ரஷ்யர்களின் பழைய விண்வெளி நிலையம். போன வருடம் உள்ளே தீப்பிடித்தது. பிறகு சரக்குக் கப்பல் வந்து இடித்தது. இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

"அதுவே ஓடுது. இது ஓடாதா?"

"அப்பா, தே ஹேவ் அன் எஸ்கேப் கேப்ஸ்யூல்" என்றாள் மகள். ஆபத்து வந்தால் ஏறித் தப்பிக்க அவர்களிடம் தனிக் கலம் இருக்கிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடை மூடியிருக்கும். கோயில் திறந்திருக்கும். வேறென்ன யோசனை வரும் நமக்கு? வாகன பூஜை!

அர்ச்சகர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "புது வண்டியா சார் இது?"

"பொண்ணுக்குப் புதுசு, சாமி."

மாலை, குங்குமம், கற்பூரம் — எல்லாம் ஆயிற்று. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். மகள் மெல்ல நகர்த்தினாள். பழம் நசுங்கியது. கார் நிற்கவில்லை. சரிவில் இறங்கிக்கொண்டே போனது. அர்ச்சகர் தட்டோடு தாவி ஒதுங்கினார். நான் "பிரேக்கப் போடு, பிரேக்கப் போடு" என்று பின்னாலேயே ஓடினேன். எந்தப் பிரேக்கை?

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள். செடி வேலியில் முட்டி நின்றது கார். வேலிக்கு அந்தப் பக்கம் ரோடு.

அன்று மாலை டிவியில், வம்பில் மாட்ட மாட்ட, நாங்கள் குடியேறிய இந்த நாட்டு அதிபருக்கு மக்கள் ஆதரவு ஏறுகிறது என்றார்கள். எனக்குப் பொறாமை. நான் மாட்டியது ஒரே ஒரு தடவை... வீட்டிலிருந்த இரண்டு ஓட்டும் போய்விட்டனவே?

"ஓட்டுப் போடறவங்க அவர் வீட்லயா குடித்தனம் பண்றாங்க?" என்றாள் மனைவி.

அதுதான் விஷயம். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே நன்றாக ஓடுவதாகத்தான் தெரியும் — விண்வெளி நிலையமானாலும் சரி, அதிபரானாலும் சரி. உள்ளே உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால்தானே தெரியும்?

மறுநாள் பிரேக்கைச் சரிசெய்தோம். மகள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன்.

"அப்பா, யுவர் சைட் டஸன்ட் ஹேவ் எ பிரேக்."

"தெரியும்மா" என்றேன். காரின் தரையை அழுத்திய காலை எடுக்கவில்லை.