இல்லாத பதினாறு பக்கம்

திருத்தங்கலில் ப்ளஸ் டூ பெண்களைப் பெற்றவர்களுக்கு டியூஷன் நினைப்பு பொங்கல் கழிந்துதான் வரும். தீபாவளி வரை பட்டாசு சீசன், அப்புறம் ஊர்க் கல்யாணமெல்லாம். மார்ச்சில் பரீட்சையை வைத்துக்கொண்டு, எப்படியாவது கணக்கில் தேற்றிவிடச் சொல்லி வாசலில் நிற்பார்கள். நான் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள். வாய் வலிக்க ஏசிவிட்டு, சரி அனுப்புங்கள் என்பேன்.

அந்த வருடம் வந்த ஆறு பேரில் ஒருத்தி நன்றாகப் படிப்பாள். அவள் அம்மா பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்: கணக்கில் நல்ல மார்க் வந்தால் விருதுநகரில் காலேஜ், வராவிட்டால் ஜூனில் தன்னோடு கம்பெனி வண்டி.

அவள் அப்பாவுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. அங்கே கழித்துப்போட்ட கணக்கு கைடுகளை ஆறு பேருக்கும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அட்டையில் கீறல் இருந்ததால் அதுதான் குறை என்று நினைத்துக்கொண்டார்கள். பள்ளியில் கொடுத்த பாடப்புத்தகமோ பிரவுன் அட்டை போட்டபடி புத்தம் புதுசாக இருந்தது. கைடில்தான் விடையும் இருக்கிறதே என்பார்கள்.

மாசியில் ஒரு டெஸ்ட் வைத்தேன். வகைக்கெழுச் சமன்பாட்டில் கேட்ட கணக்கைச் சொல்லிவைத்த மாதிரி ஆறு பேரும் தொடவில்லை. கேட்டால், அப்படி ஒரு பாடமே கிடையாது என்று எனக்கே சொன்னார்கள். கைடை வாங்கிப் புரட்டினேன். பைண்டிங்கில் ஒரே தாளாக மடித்துச் சேர்க்கிற பதினாறு பக்கம் மாறிப்போய், அந்தப் பாடம் வரவேண்டிய இடத்தில், முன்னாலேயே வந்துவிட்ட கலப்பெண்கள் பாடம் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. ஆறு கைடிலும் அதே கதை.

"ரெண்டு தடவ போட்டுருக்காகளே, முக்கியமான பாடம் போலன்னு நானும் ரெண்டு தடவ மனப்பாடம் பண்ணேன்க்கா" என்றாள் அந்த நல்ல படிப்பாளி.

தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்துக்கு எண் என்று ஒன்றை எதற்குப் போடுகிறார்கள்? ஊரெல்லாம் அச்சகம், ஆனால் அச்சிலும் தப்பு வரும் என்று ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. பள்ளியில் அந்தப் பாடம் நடந்தபோது எங்கே போனீர்கள் என்றால், சீசன் என்றார்கள். வீட்டில் பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்களாம்.

கைடுகளைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்தேன். பாடப்புத்தகத்தைத் திறக்கவைத்து, போர்டில் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். இந்த வரி எப்படி வந்தது என்று கேட்டால் விட்டத்தைப் பார்ப்பார்கள். அவள்தான் அதிகமாக ஏச்சு வாங்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பாள். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

நடுவில் ஒரு நாள் அவள் அம்மா வந்தார். "கம்பெனில ஆள் கேக்காக டீச்சர். நான் என்னன்னு சொல்ல?"

பரீட்சை முடியட்டும் என்று கொஞ்சம் கடுப்பாகவே சொல்லி அனுப்பினேன். உள்ளுக்குள் பயம்தான்.

பரீட்சையில் வகைக்கெழுச் சமன்பாடு வந்தது, முழுக்கப் போட்டுவிட்டாள். கலப்பெண்ணில் எண்ணை மாற்றிக் கேட்டிருக்கிறார்கள், அதைக் கோட்டைவிட்டுவிட்டாள். இரண்டு தடவை மனப்பாடம் செய்த பாடத்தை! கேட்டதும் எனக்கு அப்படியொரு எரிச்சல்.

ஆனாலும் மார்க் தேறியது. அம்மா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சீட் கிடைத்த அன்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். என்ன எடுத்திருக்கிறாய் என்று கேட்டேன். கணக்கு என்றாள். உனக்கு ஏனடி இந்த வம்பு என்று ஏச வாயெடுத்தேன்.

"அந்த ஒரு பாடந்தான்க்கா நான் புரிஞ்சு படிச்சது. காலேஜ்ல எல்லாப் பாடமும் அப்படித்தான நடத்துவாக?"