நன்னிலத்தை அடித்துவிட்ட பயணத்திட்டம்

அமெரிக்காவில் என்னோடு வேலை பார்த்த வெள்ளைக்காரத் தம்பதி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். திட்டம் போட்டுக் கொடுத்தது நான்தான்: டெல்லி, ஜெய்ப்பூர், கோவா, கடைசியில் தஞ்சாவூர். அப்படியே உன் ஊர் நன்னிலத்துக்கும் போய் உன் அம்மாவைப் பார்க்கிறோம் என்றார்கள். பெருமையாக அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

அப்புறம்தான் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த, குந்தி உட்காரும் பழைய கக்கூஸ் ஞாபகம் வந்தது. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "எங்கள் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் வயல்தான்" என்று அவர்களிடம் சொல்லி, தஞ்சாவூரையே அடித்துவிட்டு மதுரை என்று எழுதினேன். "அவங்களுக்கு நாள் பத்தலம்மா" என்று அம்மாவிடம் கூசாமல் புளுகினேன். "அதனாலென்னப்பா" என்றாள்.

ஆறு மாதம் கழித்து லீவில் ஊருக்குப் போனேன். கொல்லையில் புதிதாக ஓர் அறை. உள்ளே பளபளவென்று வெஸ்டர்ன் டாய்லெட்.

"யாருக்கும்மா இது?"

"எனக்குத்தான். முட்டிவலி, குந்த முடியல" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

மூடியின் மேல் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது.